கொளஞ்சியப்பனைப் பழக்கிய முறை

நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள், சார். லேப்ரடாரில் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றும் ஒரே தாய்க்கு ஒரே ஈற்றில் பிறக்கலாம். நிறம் வகை ஆகாது. உடல்வாகைப் பார்க்க வேண்டும். கண்காட்சி வகைக்குத் தடித்த உடம்பு, அகன்ற தலை, நிதானம். வேலை வகை ஒல்லி, நீண்ட கால். ஓட விடாவிட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பாடாலூரில் என் பண்ணையில் தாயைக் காட்டாமல் குட்டி தருவதில்லை. இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும் என்பதால், தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயும் காட்டுவேன். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க மாட்டேன். கொடுத்த பிறகும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன்.

குன்னம் கொளஞ்சியப்பன், மக்காச்சோள வியாபாரி, என்னிடம் வேலை வகைக் குட்டி ஒன்று வாங்கினார். தினமும் ஓட விடுவதாகச் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் போனேன். வாசலில், வெயிலில், ஒன்றரை மீட்டர் சங்கிலியில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"நாய்னா கட்டித்தாங்க போடுவாங்க. பின்ன, ஊஞ்சல்ல வெச்சு ஆட்டுவாங்களா?" என்றார்.

நாயைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஆனால் பொறுப்புள்ள பண்ணைக்காரன் குறையின் மூலத்தைத் தேடுவான். நாயிடம் குறை இல்லை. அதன் தாயை வந்து பார்க்கும்படி அவரை அழைத்தேன். வந்தார். கூண்டுக்குள் குனிந்தார். தாழ்ப்பாள் போட்டேன்.

சங்கிலி இரண்டு மீட்டர் கொடுத்தேன், நிழலும் உண்டு. காலையும் மாலையும் அளந்து சாப்பாடு. முதல் வாரம் கத்தினார். கத்தும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது சார். கத்தினால் பலன் உண்டு என்று பழகிவிடும். மூன்றாம் வாரம் விசிலுக்கு உட்கார்ந்தார்.

மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. அவர் மனைவி வேணிக்கு நானே போன் செய்தேன். வந்து பார்த்தார்.

"சாப்புட்ட தட்ட அவரே கழுவுறாராண்ணே?"

"கழுவுறாரும்மா."

"வூட்ல தண்ணிகூட மொண்டு குடிக்க மாட்டாரு. இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுங்க."

கொளஞ்சியப்பனின் அண்ணன் ராஜதுரைதான் அவசரப்பட்டு உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்.

நேற்று நீங்கள் கூண்டைத் திறந்து, "வெளிய வாங்க" என்று மூன்று முறை கூப்பிட்டீர்கள். அவர் வரவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான் எழுந்தார். கால்கள் நடுங்கின. அதைப் பயம் என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் பாசம் என்று திருத்தச் சொல்லுங்கள்.