டிவியில் ஏழாம் நம்பர் ரூம்

— ரெண்டும் உள்ளங்கை அகலந்தான் இருக்கு. இந்த வெள்ள டப்பாவுல இல்லாதது அந்தக் கறுப்புல என்ன கெடக்கு, முருகா?

— படம், நாடகம், பாட்டு எல்லாம் ரெண்டுலயும் நெட்டு வழியா வரும், அண்ணாச்சி. வாயால சொன்னா தேடிக் குடுக்குத ரிமோட்டும் ரெண்டுக்கும் உண்டு. ஆனா வெள்ளைக்கு வைஃபை மட்டுந்தான். கறுப்புல நெட் ஒயர நேராச் சொருகலாம். ஒங்க பட்டாசு செய்யுத ஆபீஸ் கேமராவையும் இந்த டிவியிலயே பாக்கணும்னு சொல்லுதீங்க. ஆறு கிலோமீட்டர் தாண்டி வருத படம், பாத்துக்கிடுங்க. நான் கறுப்பத்தான் சொல்லுவேன். செவத்துல சின்னதா ஒரு ஓட்ட போட்டா மாடியில இருந்து ஒயர எறக்கிருவேன்.

— ஓட்டப் பேச்சே எடுக்காத. மக கல்யாணத்துக்குன்னு பெயிண்ட் அடிச்சு பத்து நாளு ஆகல. ஒங்க மதினி ஒரு ஆணி அடிக்க விடமாட்டேங்கா. வெள்ளையே இருக்கட்டும், மாட்டு.

— மாட்டுதேன். நீங்கதான் தெனமும் ஆபீஸுக்குப் போவீங்களே, பெறகு எதுக்கு டிவியில பாக்கணும்?

— அந்தச் சவத்த ஏன் கேக்க. இந்த ஆறுமுகசாமி போயி நிக்காம ஒரு நாளு அங்கன வாசல் கேட்டு தொறந்ததில்ல. இப்ப முட்டி தேஞ்சு போச்சு, படியேறக் கூடாதுன்னு நேத்து ராத்திரி சொல்லிட்டாரு டாக்டர். போர்மேன் மந்திரமூர்த்தி கையில விட்டுட்டு உக்காந்திருக்கேன். நல்லவன்தான், ஆனா எளகுன மனசு. காலையில போனப் போட்டு, வெயிலு இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு, காத்தே இல்ல, மத்தியானத்தோட நிறுத்திக்கிடுவோமான்னு கேக்கான். அங்க லாரி வந்து நிக்கி. சாயங்காலம் வரைக்கும் வேலைய ஓட்டுன்னுட்டேன். ஓட்டுதானா, வீட்டுக்கு அனுப்பிட்டானான்னு பாக்கத்தான் இந்த டப்பா.

— கத்திரி வெயில்ல வெடிமருந்தத் தொடக் கூடாதும்பாவளே, அண்ணாச்சி.

— இப்படித்தான் நேத்து ஆபீஸ்ல ஒருத்தியும் எம்முன்னால வந்து நின்னா. ஏழாம் நம்பர் ரூம்ல மருந்து செலுத்துதவ. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல ஒம்பது பேரு இருக்கோம், ஒண்ணுன்னா எந்திரிச்சு ஓட வழியில்லன்னா. அஞ்சு வருசமா இருக்கா, கை சுத்தமான வேலைக்காரி. அதுக்காக எங்கிட்டயே சட்டம் பேசுததா? பிடிக்கலைன்னா நாளையில இருந்து வராதன்னுட்டேன். குனிஞ்ச தலையோட போயி உக்காந்துட்டா. பேரு என்னமோ, சுந்தரேஸ்வரி. என்ன முருகா, பேட்டரியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்க?

— அவ எங்க வீட்டுக்காரி, அண்ணாச்சி.

— நீ சொல்லவே இல்லியே.

— நீங்க கேக்கல. நேத்து வந்தவ சாப்பிடாமப் படுத்துட்டா. என்னன்னு கேட்டா தலவலிங்கா. இன்னைக்குக் காலையில வேன் ஏறப் போகும்போதுதான் சொன்னா. அப்படின்னா போகவே போகாதன்னேன். போகலைன்னா மொதலாளி வைதாருன்னு வேலைய விட்டு நின்னுட்டான்னு ஆயிரும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கட்டும், நானே நின்னுக்கிடுதேன்னு சொல்லிட்டு ஏறிட்டா. வேன் போன பெறகும் நான் கொஞ்ச நேரம் அங்கனயேதான் நின்னேன்.

— சரி, மனசுல வச்சுக்கிடாத. ஒம் பொண்டாட்டின்னு தெரிஞ்சா அப்படிப் பேசிருப்பனா? நாளைக்கே பெட்டி கட்டுத பக்கம் மாத்தச் சொல்லுதேன்.

— இப்பமே ஒரு போன் போட்டுச் சொல்லலாம்லா, அண்ணாச்சி.

— இந்த லோடு ஏறட்டும். ஒரு நாளுல என்ன ஆயிரப் போவுது? நீ மொதல்ல படத்தக் கொண்டா.

— வருது. இந்தா, இது கேட்டு. இது லாரி நிக்கித எடம். இது ஏழாம் நம்பர்.

— ஏ அப்பா, கண்ணாடி கணக்கா இருக்கே. இதுக்குப் போயி ஒயரு வேணும்னியே. ஒங்கவ எது, அந்த ஊதாச் சேலையா?

— இல்ல, செவத்த ஒட்டி, கடைசியில. சேலைக்கு மேல என் பழைய சட்டையப் போட்டிருக்கா.

— பக்கத்துல இருக்கவகிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டுதான இருக்கா. நீதான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க.

— அண்ணாச்சி, அது என்ன சத்தம்? சன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது.

— குவாரியில வெடி வச்சிருப்பான்.

— பசுவந்தனை ரோட்டுப் பக்கம் இருந்துல்லா வந்துச்சு. நம்ம ஆபீஸ் பக்கம்.

— குவாரியும் அந்தப் பக்கந்தான. யாருக்குலே போன் போடுத?

— மந்திரமூர்த்தி அண்ணனுக்கு. மணியே அடிக்க மாட்டேங்கு.

— அங்கன எப்பவுமே டவரு கெடைக்காது. போனு எதுக்கு, கண்ணு முன்னாலதான ஓடுது? எண்ணிப் பாரு, ஒம்பது பேரும் இருக்காக. ஒங்கவ அண்ணாந்து தண்ணி குடிக்கா, பாரு. ஒரு கொறையும் இல்ல. எங்க ஓடுத?

— ஒயரு இல்லாம இந்த டப்பாவுல படம் ஒரு நிமிசம் பிந்தித்தான் வரும், அண்ணாச்சி. அவ தண்ணி குடிக்குதது, அந்தச் சத்தத்துக்கு முந்தி.