சொட்டிய மூன்றாவது குழாய்

கிளிநொச்சி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு வயல்காரரும், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவரும் இருந்தார்கள்.

"இந்த வெக்கையிலயும் வீட்டில சுடுதண்ணித் தாங்கி பூட்டியிருக்கிறன், அண்ணை," என்றார் வயல்காரர். என் காது அங்கே போய்விட்டது.

"யாருக்குங்க?"

"அம்மாவுக்கு மூட்டுவாதம். ஜெர்மனியில இருக்கிற தம்பி அனுப்பினவன். பச்சைத்தண்ணி போக ஒரு குழாய், சுடுதண்ணி வர ஒண்டு. நானே பூட்டினனான்."

"சின்னதா மூணாவது குழாய் இருக்குமே? தேயிலத் தோட்டத்து தொரை பங்களாவுல பாத்திருக்கேன்."

"ஓம், அது சூடேறச் சொட்டும். வயல் வரம்பில சொட்டுத் தண்ணி போனாலே அடைக்கிற ஆக்களெல்லோ நாங்கள்? கட்டை அடிச்சு இறுக்கிப்போட்டன்."

"ஐயோ, உள்ள பொங்குற தண்ணி வெளியேறுற வழிங்க அது! தாங்கி வெடிச்சிடும். இப்ப சுவிட்ச் போட்டிருக்கா?"

"போட்டிட்டுத்தான் பஸ் ஏறினனான். அம்மா குளிக்கக் காத்துக்கொண்டிருக்கிறா."

பஸ்ஸை நிறுத்த மணிக்கயிற்றை இழுத்தவர் மலைநாட்டுக்காரர்தான்.