ரெனிஷுக்கு விழுந்த அறை

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ஐயா ஜானகிராமன் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே! வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக் களைத்தும், பெற்ற பிள்ளை மேடையேறுவதைக் காண வந்த தாய்மார்களே! கைப்பேசியை இறக்காமலே கைதட்டக் கற்றுக்கொண்ட தகப்பன்மார்களே! ஜமுக்காளத்தில் நெளிந்துகொண்டிருக்கும் என் செல்லங்களே! காட்டுப்பாக்கத்துக்கு என் கனிவான வணக்கம்.

கனிவு அந்த வணக்கத்தோடு தீர்ந்தது. இனிப் பேசப்போவது என் கோபம்!

கோடை விடுமுறையில் குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றிப் பேசி, கேடயமும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். வந்தேன். இந்த மேடையில் சற்றுமுன் என்ன பார்த்தேன்? கோடை முகாம் மாஸ்டர் கொடுத்த, மூளையைத் தட்டி எழுப்பும் பயிற்சியாம்! கண்ணைக் கட்டினாலும் பிள்ளைகள் அட்டையின் நிறத்தை மனத்தாலேயே பார்ப்பார்களாம்! ஒரு பிள்ளை சிவப்பு என்றது; கைதட்டினீர்கள். இன்னொன்று பச்சை என்றது, விசிலடித்தீர்கள். அடுத்து வந்தான் ரெனிஷ். தலைவர் ஐயா ஆசையாக எழுந்து தம் கையாலேயே அவன் கண்ணைக் கட்டினார். சூது தெரியாத மனிதர், இறுக்கிக் கட்டிவிட்டார். மைக்கில் அந்தப் பிள்ளை என்ன கேட்டான்?

"அங்கிள், இவ்ளோ டைட்டா கட்னா இன்னா தெரியும்? மூக்காண்ட கொஞ்சம் சந்து உடுங்க. மாஸ்டரு அப்டித்தான் கட்டுவாரு!"

சிரித்தீர்கள். இதோ, இப்போதும் சிரிக்கிறீர்கள்! மேடைக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்திருந்தால் சிரிப்பீர்களா? "மானத்த வாங்கிட்டியேடா" என்று அவன் அப்பா ஜெயபால் பளாரென்று அறைந்தார். நான் பார்த்தேன்.

யார் யாருடைய மானத்தை வாங்கியது? துணிக்கு அடியில் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, 'மனத்தால் பார்த்தேன்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாரே, அந்த மாஸ்டரை யார் அறைந்தீர்கள்? பொய் சொன்ன பிள்ளைக்குக் கேடயம், உள்ளதைச் சொன்ன பிள்ளைக்கு அறையா? இதுவா மனவளர்ச்சி? இதுவா கோடை முகாம்?

என்ன அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள்... "லீவுல புள்ளைங்கள இன்னாதான் பண்ணச் சொல்ற?" என்கிறீர்களா? நல்ல கேள்வி. பாரிவாக்கத்தில் சாமுண்டீஸ்வரி என்று ஒரு பெண். அம்பத்தூரில் தையல் கம்பெனி வேலை. அவர் பிள்ளைகள் இருவரும் பழைய அட்டைப்பெட்டியில் ஓட்டல் கட்டினார்கள். யார் முதலாளி என்று சண்டை. முடியைப் பிடித்து இழுத்தார்கள், பேசாமல் கிடந்தார்கள், போரடித்துப்போய் அவர்களே சமாதானமானார்கள். சாயங்காலம் வீடு திரும்பிய அம்மாவை உட்காரவைத்துத் தாங்களே சுட்ட தோசையைப் பரிமாறினார்கள். கருகல்தான்! தின்றுவிட்டு, "உங்க ஓட்டல்ல இன்னா நடந்துச்சு?" என்று கேட்டார் அந்தத் தாய். ஒருமணி நேரம் கதை கேட்டார். மூளை அங்கே வளர்ந்தது ஐயா! விளையாடவிட்ட வீட்டில் வளர்ந்தது, காதுகொடுத்த தாயின் மடியில் வளர்ந்தது!

ஜெயபால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஏன் நிற்கிறீர்கள்? உங்களைத்தான் கேட்கிறேன். உண்மை சொன்னதற்கு இன்று அடிபட்டவன், நாளை எவனாவது அவன் மேல் தப்பாகக் கை வைத்தால் உங்களிடம் வந்து சொல்வானா? சொல்லுங்கள், சொல்வானா? அப்பாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்று அல்லவா அந்த அறை கற்றுக்கொடுத்தது?

வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மேலே வாருங்கள். வருகிறார், வழிவிடுங்கள்... மைக்கைப் பிடியுங்கள்.

"ரெனிஷு... நீ ஊட்லயே சொன்னடா நைனா, சந்துல தெரியுதுன்னு. நாந்தான் கம்முனு இருன்னேன். உன்ன அடிச்சிருக்கக் கூடாதுடா."

நிறுத்துங்கள்! கைதட்டாதீர்கள்! உங்கள் கைதட்டல் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்துதானே அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தார்? கேடயங்கள் மேசையிலேயே இருக்கட்டும், நான் தொடமாட்டேன். வீட்டுக்குப் போங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'உனக்கும் மூக்கோரம் தெரிந்ததா?' என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் கை ஓங்காதீர்கள். இந்தக் கோடைக்கு அது ஒன்று போதும்!

கோபத்தைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. கன்னம் சிவந்து நிற்கும் ரெனிஷுக்கு, இருகை கூப்பி என் வணக்கம்.