எலிக்குக் காதுகுத்து

மாலை ஏழு மணி. பொந்தியானுக்குப் போகும் செம்பனைத் தோட்டச் சாலை. விளக்கு ஒன்றுகூட இல்லை... இன்னும் நெருங்கி உட்காருங்கள். நம் ராஜசேகரனின் மைத்துனி செல்வராணி அவ்வழியேதான் தனியாகக் கார் ஓட்டி வந்தாள்.

அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தாள். அங்கே ஆராய்ந்தது சிகாமட் ஊர் நோயாளி கருப்பாயி அம்மாளின் நோயை. அவர் இரத்தத்தில் பிறழ்ந்த புரதம் ஊறியது, சிறுநீர் நுரைத்தது, சிறுநீரகங்கள் அடைத்துக்கொண்டன. இறக்குமுன், எந்நேரமும் வெற்றிலை மெல்லும் அந்த அம்மாள், அருகில் செல்வராணியும் நிற்க, உடன் பணிபுரியும் ஷாமளாவின் கையைத்தான் பற்றினாள்.

"என் ரத்தத்த நீயே எடுத்துக்க மா. இந்த நோவு இன்னொருத்தருக்கு வரக்கூடாது லா."

அதிலிருந்து பிரித்த புரதத்தை ஷாமளா எலிகளுக்கு ஏற்றினாள். ஏற்றிய எலிக்கு அடையாளம், வெட்டுக் கருவியால் 'டக்'கென்று இடது காதோரத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு. ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் காதுகுத்து. ஷாமளா கேலியாகக் கூப்பிடுவாள்.

"ராணி, நீதான் தாய்மாமன்! மடியில வச்சு நல்லா பிடி லா, துள்ளுது!"

செல்வராணி பிடிப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பாள். ஷாமளாவின் எலிகள் கருப்பாயியைப் போலவே நோயுற்றன. ஊரே பாராட்டியது, தலைமைப் பதவியும் அவளுக்கே என்றார்கள். செல்வராணி தனியே செய்த சோதனைகளிலோ, எலிகள் நோயே வராமல் கொழுத்தன. பொறாமை என்றாலே பொறுக்கமாட்டாமைதான், அவள் பொறுக்கவில்லை.

அன்று எல்லாரும் போன பின், புரதத்தின் கடைசிக் குப்பியைத் தொட்டியில் கவிழ்த்தாள். குப்பியில் உப்புநீரை நிரப்பி வைத்தாள். இனி ஷாமளாவின் எலிகளுக்கு ஒன்றும் ஆகாது. அவள் பெயர் கெடும். குழாயைத் திறந்தாள். நுரை பொங்கியது... தண்ணீர் ஊற்ற ஊற்றப் பொங்கியது. அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

செம்பனைகளுக்கு நடுவே வந்தபோது முதலில் வெற்றிலை வாடை. கண்ணாடிகளோ மூடியிருந்தன. பிறகு, அவள் தொடைகளுக்கு அடியில் இருக்கை இருக்கையாக இல்லை... எலும்பும் தோலுமாய், சில்லென்று, இரண்டு முழங்கால்கள்.

செவியருகே கொஞ்சும் குரல்.

"ஆடாத மா... மாமன் மடியிலதான உக்காந்திருக்க."

'டக்.'

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். இடது காதோரத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு. ஒரு சொட்டு இரத்தமில்லை. எந்த எலிக்கு அந்த அடையாளம் என்பது அவளுக்குத் தெரியும்.

கழிவறைக்குப் போனாள். எழுந்து, திரும்பிப் பார்த்தாள்.

நுரை.

தண்ணீர் ஊற்றினாள்... இன்னும் பொங்கியது.