சோற்றில் வைத்த மருந்து

"ஹலோ, அலோர் காஜா கிளினிக்... திலகவதி மிஸ்ஸிதான் பேசறேன். ஜாசின் தோட்டத்திலேர்ந்தா?... ஓ, முனியாயி அத்தையா!"

தங்கை புனிதாவின் மாமியார் குரலைக் கேட்டதும் நர்ஸ் திலகவதி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்த அழைப்புக்காகப் பத்து மாதம் காத்திருந்தவள் அவள்.

"இந்த நம்பர் யாரு குடுத்தா?... சரி, விடுங்க. அழாதீங்க லா. அன்னிக்கு நான் அழுதப்ப கோயில் வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க? 'புனிதா சோத்துல மருந்து வெச்சிட்டா, அதான் என் மகன் உருகறான்'னு சொல்லல?... ஆமா, ஆமா, சொன்னீங்க! பாசார் கடைத்தெரு வரைக்கும் சொன்னீங்க. கைப்பிள்ளையோட அவள வெரட்டுனீங்க... மருந்து எடுக்கப் போனீங்களே, எடுத்தாச்சா?... மூணு தடவையா! அப்புறமும் எளைக்கிறாரா? அடடா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

"என்ன செய்யுது உங்க மகனுக்கு?... காய்ச்சல் ரெண்டு மாசமாவா? ம்... வயித்தால போறதும் நிக்கலையா... இடுப்புல அக்கி வந்துச்சா? காவியால எழுதுனீங்களா. ம்... வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தீங்களா?... நாக்கெல்லாம் தயிர் ஒட்டுன மாதிரியா? தொடைச்சா ரத்தம் கசியுதா... முழுங்க வலிக்குதா..."

திலகவதியின் கை மெல்லப் பேனாவைக் கீழே வைத்தது.

"அத்தை, இது மருந்து இல்ல. ஹெச்.ஐ.வி. முத்திப்போன அடையாளமா இருக்கு. ரத்தம் எடுத்தாத்தான் உறுதி... எய்ட்ஸ்னு சொல்றாங்களே, அதேதான்... கத்தாதீங்க! இப்ப என் தங்கச்சிக்கும் ரத்தம் எடுக்கணும், உங்க பேரனுக்கும். யாரு யாருக்கு என்ன வெச்சா, சொல்லுங்க!... கேளுங்க. வெள்ளிக்கெழமை அதே கோயில் வாசல்ல, அதே சனத்து முன்னால, புனிதா மேல பழி இல்லன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் நான் வருவேன். இல்லாட்டி அப்படியே கெடக்கட்டும்!... என்ன?... கஞ்சி மட்டும் முழுங்கறாரா? யாரு ஊட்டறா?... யாரு?"

திலகவதி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"புனிதாவா?... நாலு நாளாவா?... ஃபேக்டரிக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டு அங்கதான் வர்றாளா... அவதான் நம்பர் குடுத்தாளா."

திலகவதி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை... கஞ்சிய நல்லா ஆற வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. காரம் வேணாம், மாப்பிள்ளைக்குப் புண்ணு எரியும். ஊட்டுறதால அவளுக்கு ஒண்ணும் ஒட்டாது. மத்தியானம் நான் காரோட வரேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்... கோயிலா? அத விடமாட்டேன், சொல்லித்தான் ஆகணும். மொதல்ல இதச் சொல்லுங்க, அவ சாப்பிட்டாளா?... நாலு நாள்ல ஒரு தடவகூடக் கேக்கலையா?... பொது போன்ல காசு முடியுதா? இருங்க, இருங்க! வீட்டுக்குப் போயி உங்க கையால ஒரு தட்டு சோறு போடுங்க. அவ பயப்படாமச் சாப்பிடுவா, அத்தை. அவ உங்க மேல சந்தேகப்படமாட்... ஹலோ?... ஹலோ?"