ஓர் அளவு பெரிது

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, மிஸ். சீனி மட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று. நீங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்வதற்கு வசதியாக முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் நஸ்ரின். கிண்ணியாவில் பாலத்தடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடை என் வாப்பாவுடையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "சாமான் எடுக்கப் போறன், வந்துருவன்" என்று சொல்லி பஸ் ஏறினார். வரவேயில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். ஆகவே விட்டுப் போவதென்றால் போகிறவர் ஆம்பிளையாகத்தான் இருப்பார். அன்றிலிருந்து வாசல் கேற் கிரீச்சிட்டால் எழும்பிப் போய்ப் பார்ப்பேன்.

என் கணவர் இன்ஷாப் நிலாவெளியில் வெள்ளைக்காரரை மலைச் சைக்கிளில் கூட்டித் திரிந்தவர். நல்ல மனிசன், அதையும் எழுதுங்கள். அவருடைய சைக்கிளின் ரிம் ஒடுக்கமானது. உள்ளகலம் பத்தொன்பது மில்லிமீற்றர்தான். அவருக்கோ இரண்டரை அங்குல டயரில் ஆசை. பார்க்க எடுப்பாக இருக்குமாம்.

"புள்ள, அந்தக் கொழுத்த டயரப் போட்டுத் தாவன்."

"இந்த ரிம்முக்கு அது ஏலாது. நேரா ஓடக்குள்ள ஒண்டும் தெரியாது. வேகமா வளைச்சா டயர் ஒரு பக்கமாச் சரிஞ்சி கழண்டுரும்."

"ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."

ஓம், எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். அதனால்தான் பல மாதம் மறுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்ல என்ற ஊர்ப் பக்கத்து மலையில் வேலைக்கு வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். "சீசன் முடிய வந்துருவன்" என்றார். அதே சொல். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தூங்கும்போது சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில், டயரைக் கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

முன் சில்லுக்குப் போட்டேன். காற்றைக் கொஞ்சம் குறைத்தே விட்டேன். திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில்தான் அவர் காலையில் பழகுவார். துறைமுகப் பக்கம் இறங்கும்போது ஒரு வளைவு வரும். கை முறிந்தால் சீசன் முடியும்வரை வீட்டில் இருப்பார், அவ்வளவுதான் என் எண்ணம். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன், மிஸ். கேட்காத எதையும் செய்யவில்லை.

வளைவில் மதகுச் சுவர் இருப்பதை நான் யோசிக்கவில்லை. முள்ளந்தண்டில் அடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "அங்க நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு வீடு பாத்து வச்சிருந்தன் புள்ள" என்றார். நான் அழுதேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், வீடு எனக்கு இங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? அவர் அதை யோசிக்காமல் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு நல்ல காலம். கேற் சத்தம் கேட்டாலும் நான் எழும்புவதில்லை. அவருடைய சக்கர நாற்காலிக்கு நானே டயர் போட்டேன். அளவு அச்சாகப் பொருந்தியது. என் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்றார். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்று காலை அவர் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எங்களோடு இருக்கும் என் உம்மா சந்தோசத்தில் அழுதுவிட்டார். எழுந்து நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேற்றைப் பார்த்தார்.

கிளினிக்கில் ஊன்றுகோல் கொடுத்திருந்தார்கள். அடி றப்பர் தேய்ந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று கடைக்கு எடுத்துப் போனேன். பொருந்துகிற றப்பரும் இருந்தது, ஓர் அளவு பெரியதும் இருந்தது. பெரியதை எடுத்து உள்ளே வழுக்குவதற்குக் கொஞ்சம் சவர்க்காரம் தடவி மாட்டினேன். சும்மா நின்றால் ஒன்றும் தெரியாது. சாய்ந்து பாரம் கொடுத்தால் கழன்றுவிடும். இன்னொருமுறை விழுந்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. கட்டிலோரம் சாத்திவைத்தேன்.

பிறகுதான் பயம் பிடித்தது. பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். நல்லவேளை, நீங்கள் அவசரப்படுத்தாமல் இருத்திக் கேட்டீர்கள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நடந்து பார்ப்பதாக அவர் என் உம்மாவிடம் சொல்லியிருந்தார். முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வீட்டுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்திருப்பீர்கள். கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் விட்டுப்போயிற்று.

அஸருக்குப் பாங்கு, நீங்கள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கும்போதே எனக்குக் கேட்டது, மிஸ்.