கௌபாய் கல்யாணம்

கல்யாண வீடியோவைப் பொறுத்தவரை, எதை எடுத்தோம் என்பதைவிட எதை வெட்டினோம் என்பதில்தான் குடும்பத்தின் நிம்மதி இருக்கிறது. ஹன்னா, நீங்கள் வாக்குமூலம் எழுத வந்த பொலிஸ்காரப் பிள்ளை, உங்களுக்கு இது விளங்கும். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் கல்யாணம், பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீடு எல்லாவற்றின் வீடியோவையும் வெட்டி ஒட்டுவது நான்தான். முகத்தைச் சுளித்த மாமியார், சோறு போதவில்லை என்று சண்டை பிடித்த சித்தப்பா, பிறகு விட்டுவிட்டுப் போன மாப்பிள்ளை, எல்லாரையும் எடுத்துவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை.

கீழ்வீட்டு ஆன்ட்ரியாஸ், அவனுடைய பூட்டனார் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஒரு படச்சுருளைக் கண்டெடுத்தான். சத்தமில்லாத காலத்துக் குட்டிக் கௌபாய் படம். தொலைந்தே போனது என்று எல்லாரும் கைவிட்டதாம். உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு சுருள்தானாம். பிறந்த குழந்தையைத் தருவதுபோல என் கையில் தந்து, ஒட்டு விட்டுப்போன இடங்களை மட்டும் திரும்ப ஒட்டச் சொன்னான். சனிக்கிழமை சினிமாப் பெரிய ஆட்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒருவன் சூடுபட்டு விழுகிறான். மங்கலமாகத் தொடங்க வேண்டாமா? வெட்டினேன். காணிக்காகச் சண்டை பிடிக்கும் அண்ணன் தம்பி. நாளைக்கு ராசியாகிவிட்டால் யாருக்கு வெட்கம்? அதையும் வெட்டினேன்.

என் கணவர் குணசிங்கம் எட்டிப் பார்த்தார்.

“உமக்கென்ன விசரே? அவன் ஒட்டத்தானே தந்தவன்.”

“கலியாண வீட்டுக்குள்ளை செத்தவீட்டைக் காட்டுவீங்களே?”

“இது கௌபாய் படமப்பா.”

“கடைசியிலை அந்தப் பெட்டையின்ரை கையைப் பிடிக்கிறானெல்லே? பிறகென்ன.”

“சரி, அந்தச் சுடுகிற துவக்குக்காரனையாவது விடும். பாவம்.”

“அவன்ரை முழி சரியில்லை.”

வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அவ்வளவும் கண்ணூறு, திருஷ்டி. அந்தத் துண்டுகளோடு செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து, மீதிச் சுருளைச் சுற்றிக் கழித்து, பல்கனியில் பழைய தாச்சிச் சட்டியில் போட்டுக் கொளுத்தினேன். பழைய படச்சுருள் அப்படிச் சீறி எரியும் என்று யார் கண்டது? தீயணைப்புக்காரர் வந்தபோது மிளகாய் என்றேன். அதுவும் பொய்யில்லை.

சனிக்கிழமை விளக்கை அணைத்தார்கள். மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தான், குதிரை புல் தின்றது, ஊர்ச்சனம் தொப்பியைக் கழற்றிச் சிரித்தது, முடிந்தது. மிச்சம் எங்கே என்று ஆன்ட்ரியாஸ் கேட்டான். சொன்னேன். அவன் தரையில் அப்படியே குந்திவிட்டான். நோர்வேக்காரர் சந்தோஷத்தை வெளியில் காட்டத் தெரியாதவர்கள்.

ஆகவே ஹன்னா, தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வெட்டியதும் நான்தான், எரித்ததும் நான்தான். அந்தப் படத்தில் இனி ஒருவரும் சாகமாட்டார்கள்.